தாடையைத் தூக்கிப் பார்த்த அப்பா

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே மீதியைப் படிப்பாய். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, போட்ட சண்டையை அன்றைக்கே தீர்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நீ அழுவதைக் கேட்டு நான் பாதியில் வைத்துவிடுவேன், மீதி அந்தரத்தில் தொங்கும். போன முறை பேசியபோது நீ ஒன்று கேட்டாய். அப்பாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையா, வீடியோவில் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஃபோனை உன் கையில் திணித்துவிடுகிறாரே, நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று இன்னும் கோபமா என்று கேட்டாய். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டேன். உண்மையில் அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி மாற்றியது உனக்குத் தெரியும். தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு எந்நேரமும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாரே, அதற்குப் பதில் ஒரே லென்ஸில் மேலே பார்த்தால் தூரம், நடுவில் நடுத்தரம், கீழே பார்த்தால் எழுத்து என்று கோடே தெரியாமல் வருமே, ப்ரோக்ரசிவ் என்கிறார்களே, அது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. சிறுபிள்ளை மாதிரி அதை மாட்டிக்கொண்டு தெருமுனை போர்டு முதல் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பொடி எழுத்துவரை வாசித்துக் காட்டினார். பிறகு எப்போது மாறியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பேப்பரைக் கையில் எடுத்தால் மாமியார் வீட்டில் முறைப்பாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் மடித்து வைத்துவிடுவார். நம் கட்டிடத்துப் படியில் இறங்கும்போது சுவரில் ஒரு கையை ஊன்றி, குளத்தில் ஆழம் பார்ப்பவர் மாதிரி காலால் தடவித் தடவி இறங்குவார். டம்ளரை மேசையில் வைத்தால் விளிம்பில் வைப்பார். என்னங்க என்று கேட்டால் ஒன்றுமில்லை, அசதி என்பார். நான் டிரை கிளீனிங் கடையில் இத்தனை வருஷமாக இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நிற்கிறவள், ஒருவர் எப்படி இருக்கிறார் என்று அவர் சட்டை எனக்குச் சொல்லிவிடும். அப்பாவின் சட்டைகளில் எல்லாம் காலரின் பின்பக்கம் மட்டும் மடிப்பு தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. இந்த மனுஷர் நாள் முழுக்கத் தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு எதைப் பார்க்கிறார் என்று யோசித்தேன். யோசித்ததோடு விட்டுவிட்டேன், காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இரும்பு யார்டில் கிரேனைப் பழுது பார்க்கிறார்கள், எல்லோருக்கும் லீவு என்றார். நானும் நம்பினேன். காலையில் எழுந்து, சவரம் செய்து, பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மதியம்வரை அதே இடம். சாயங்காலம் உள்ளே வந்து டிவி கேட்டார் என்று சொல்லலாம், பார்த்தார் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் முடிவதற்குள் விசில் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா கிரேன் கேபினில் மேலே உட்கார்ந்திருக்க, கீழே நின்று விசில் ஊதிக் கையைக் காட்டி இரும்பை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்வாரே, அவர். உன் கல்யாணத்தில் அதே விசிலை ஊதிப் பந்தியை ஒழுங்கு பண்ணினவர். இடது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். என்னப்பா கையில் என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறியது, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா அண்ணி என்றார். பிறகு சமையலறை வாசலில் நின்றுகொண்டு, பால்கனிக்குக் கேட்காத குரலில் சொன்னார். அப்பா இரும்புக் கம்பிகளை ஒரு கட்டாக இறக்கும்போது அடுக்குக்கு மேலே வைப்பதாக நினைத்து அடுக்குக்கு வெளியே இறக்கிவிட்டாராம். விசில் பின்னால் குதித்ததால் முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. குதிக்காமல் நின்றிருந்தால் நான் இதை எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். யாரும் அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அவராகவே ஏணியில் இறங்கி வந்து, சூப்பர்வைசர் கையில் கேபின் சாவியைக் கொடுத்து, இனிமே நான் மேல ஏறமாட்டேன் சார், வேற ஆளைப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு நடந்தாராம். விசில் அதைச் சொல்லும்போது அழுதார் சின்னு. அவர் என் உசுரை எடுக்கப் பாத்தாருன்னு நான் ஒரு நொடிகூட நினைக்கல அண்ணி, அவருக்கு என்னமோ ஆயிருச்சு, அதைக் கேளுங்க என்றார்.

கேட்டேன். விசில் போன பிறகு பால்கனிக்குப் போய்ப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீங்க சொல்லாட்டி நான் எந்திரிக்க மாட்டேன், அடுப்பும் எரியாது என்றேன். கீழே தெருவைப் பார்த்தபடி, திரும்பாமலே, அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உன் பெரியப்பாவுக்கு மறதி நோய் எப்படி ஆரம்பித்தது என்று நீ அப்போது படிப்பில் இருந்ததால் உனக்கு முழுசாகத் தெரியாது. அவருக்கும் முதலில் மறதி இல்லை. படியில் கால் தவறியது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். டீயைத் தட்டில் ஊற்றுவதாக நினைத்து மேசையில் ஊற்றினார். பெயர்கள் போனதெல்லாம் பின்னால்தான். அப்பா அதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். இப்போது தனக்கும் படி தடுமாற, டம்ளர் விளிம்புக்குப் போக, உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டுத் தீர்ப்பும் எழுதிவிட்டார். அதனால்தான் பெரியப்பா வீட்டுக்குப் போவதையே நிறுத்தினார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை, அசதி, மழை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. பெரியம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டபோது நான்கூட அப்பாவை விட்டுக்கொடுக்காமல் பேசினேனே தவிர, மனசுக்குள் கூடப்பிறந்தவரிடம் இவ்வளவு கல்நெஞ்சா என்றுதான் நினைத்தேன். கல்நெஞ்சு இல்லை. தான் போய்ச் சேரப்போகிற இடத்தை முன்கூட்டியே பார்க்கப் பயம். உன் விஷயத்தையும் அன்றைக்கே கேட்டுவிட்டேன். அவ மூஞ்சி ஃபோன்ல தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆடுது, கண்ணு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போகுது, நாளைக்கு அவ பேரும் போயிரும்னு பயமா இருக்கு, அவ அதைக் கண்டுபிடிச்சுருவா, அதான் கொடுத்துர்றேன் என்றார். உன்மேல் கோபமா என்று கேட்டாயே, இதுதான் பதில். அழுது முடித்துவிட்டு மேலே படி.

டாக்டரிடம் வர மாட்டேன் என்று அடம். பார்த்து என்ன ஆகப்போகுது, அண்ணனைப் பாக்காத டாக்டரா என்றார். நான் கெஞ்சவில்லை. விசில் கட்டுப் போட்ட கையோட வீடு தேடி வந்தாரு, நீங்க நல்ல காலோட டாக்டர் வீடுவரைக்கும் வர மாட்டீங்களா என்றேன். அது தைத்தது. மறுநாளே கிளம்பினார். ஞாபகத்துக்குப் பார்க்கும் டாக்டர் ஒரு வயதான அம்மாள், அவசரப்படாதவர். அவர் வாயால் கேட்டதற்கெல்லாம் அப்பா சரியாகச் சொன்னார், கிழமையைச் சொன்னார், சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார், கழித்தல் கணக்கு என்னைவிட வேகமாகப் போட்டார். காகிதத்தில் படம் வரையவும் கோட்டைத் தொடர்ந்து போகவும் சொன்னபோதுதான் எல்லாம் கோணிக்கொண்டது. அந்த அம்மாள் காகிதத்தைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுக்கு இப்படித் தாடையைத் தூக்குறீங்க என்று கேட்டார். அப்படித் தூக்கினாத்தான் கொஞ்சமாவது எழுத்து நிக்குது என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பெரிய எழுத்தில், பெரிய கோட்டில் அதே சோதனையைத் திரும்பக் கொடுத்தார். அப்பா நேராக வரைந்தார். அந்த அம்மாள் பொய் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உங்க அண்ணனுக்கு இருக்கிறதால உங்களுக்கு வரவே வராதுன்னு நான் எழுதித்தர முடியாது, ஆனா இன்னைக்கு உங்ககிட்ட அது இல்ல, முதல்ல கண்ணைப் பாருங்க என்று கண் டாக்டருக்கு அனுப்பினார். கண் டாக்டர் சோதித்துவிட்டு, கண்ணும் நன்றாக இருக்கிறது, பவரும் சரி, லென்ஸும் சரி, அது முகத்தில் உட்கார்ந்திருக்கும் விதம்தான் தப்பு, ஃப்ரேம் பொருத்துகிறவரிடம் உடனே காட்டுங்கள் என்று கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலைமுடியை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். அப்பாவை உட்கார வைத்து எதிரே அதே உயரத்தில் தானும் உட்கார்ந்து, என் மூக்கைப் பாருங்க என்றாள். கண்மணிக்கு நேராக லென்ஸின் மேல் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள், என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணாடியின் கீழ்விளிம்பு கன்னத்தின் பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்க வேண்டுமாம், அப்போதுதான் கண்ணைத் தாழ்த்தினால் படிக்கிற பகுதி கண்ணுக்குப் பக்கத்தில் அகலமாகக் கிடைக்கும். அப்பாவுடையது நேர்மாறாக, மழை பெய்தால் தண்ணீர் பிடிக்கிற மாதிரி கீழ்விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. போதாததற்கு மூக்கிலும் வழுக்கி இறங்கி, வலது பக்கம் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. படிக்கிற இடம் எங்கேயோ கன்னத்துக்குக் கீழே போய்விட்டது, அதைத் தேடித்தான் இந்த மனுஷர் இத்தனை மாதம் தாடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். வேலையில தலையில ஏதாவது போடுவீங்களா என்று கேட்டாள். ஹெல்மெட்டும், சத்தத்துக்குக் காதுமூடியும் என்றார். காதுமூடி கண்ணாடிக் கம்பிமேல் உட்கார்ந்து அழுத்த அழுத்த, கழற்றும்போதெல்லாம் அதையும் சேர்த்து இழுக்க இழுக்க, கம்பியும் முன்பக்கமும் சேருகிற முனை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கோணம் மாறிவிட்டது என்றாள். ஒரு நாளில் நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். தினமும் ஒரு மயிரிழை வளைந்தால் யாருக்குத் தெரியும்.

ரப்பர் சுற்றிய இரண்டு சின்னக் குறடுகளை எடுத்தாள். ஒன்றால் முன்பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் காதுக் கம்பியைக் கீழ்நோக்கி லேசாக அழுத்தினாள். பிறகு இன்னொரு பக்கம். மூக்கில் உட்காரும் மெத்தைகளை நெருக்கிக் கண்ணாடியைத் தூக்கினாள். மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, வளைப்பது, திரும்ப மாட்டுவது என்று நெடுநேரம். காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவையும் அவர் காதுக்குத் தகுந்த மாதிரி மடக்கினாள். இமை லென்ஸில் இடிக்கிறதா என்று சிமிட்டச் சொன்னாள். கடைசியாக, சிரிங்க என்றாள். சாய்வு கூடிப்போனால் சிரிக்கும்போது கன்னம் மேலே வந்து விளிம்பைத் தூக்கிவிடுமாம், அதைப் பார்க்கத்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முயற்சி பண்ணினார், வாய் கோணியது. சிரிக்காட்டியும் பரவாயில்லப்பா, பல்வலிக்குக் காட்டுற மாதிரியாவது பல்லைக் காட்டுங்க என்றாள் அந்தப் பெண். அவள் அப்பா என்று கூப்பிட்டதா, பல்வலி என்றதா தெரியவில்லை, அப்பா சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நான் சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேம்களைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தாள். தாடை தூக்கப்படவில்லை, கண் மட்டும் தாழ்ந்தது. எல்லாவற்றிலும் சின்ன எழுத்தை வாசித்தார். நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே வாசித்தார். பிறகு அட்டையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் குறடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரே திருகலில் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. படியில் இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கிற பகுதி வழியாகப் படி மங்கலாகத்தான் தெரியும், தலையையும் சேர்த்துக் குனிந்து மேல்பகுதியால் பாருங்கள் என்று அவள் பழக்கிவிட்டாள், இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார். கிரேன் விஷயத்தில் பட்டென்று சொல்லிவிட்டாள். உயரத்துல உக்காந்து நாள் பூரா கீழ பாக்கிற வேலைக்கு இந்த லென்ஸை எவ்வளவு சாய்ச்சாலும் ஆகாதுப்பா, கேபினுக்குன்னு தூரத்துக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்டுக்குங்க என்றாள். அதைச் செய்திருக்கிறோம். கம்பெனி டாக்டரும் பார்த்து, ஏறலாம் என்றார். ஆனால் அப்பா நேரே ஏணிக்குப் போகவில்லை. முதலில் விசில் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பார்வை தடுமாறுதுன்னு தெரிஞ்சும் பயத்துல வாயைத் திறக்காம ஏறுனது என் தப்பு, கண்ணாடி தப்பு இல்ல, நீ வேணாம்னு சொன்னா நான் கீழயே குடோன்ல நிக்கிறேன் என்றார். விசில் யோசிக்கத்தான் செய்தார், சட்டென்று கட்டிப்பிடித்து எல்லாம் முடிந்தது என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. முதல் வாரம் இரும்பு வேணாம்ண்ணே, வெறும் கொக்கியை இறக்கிக் காட்டுங்க, நான் நிக்கிற இடத்துல ஒரு டயரை வைக்கிறேன், அது நடுவுல இறக்குங்க, அப்புறம் பேசலாம் என்றார். அப்பாவும் அப்படியே வெறும் கொக்கியை இறக்கி இறக்கிக் காட்டினார். இப்போது விசில் பழையபடி கீழே நிற்கிறார், முன்னைவிட ஒரு அடி தள்ளி.

இனி பெரியப்பா விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றும் சொல்லாமலேயே அப்பா, அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றார். போனோம். பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி தரையில் கிடந்தது. பெரியம்மா எடுத்து மாட்டிவிட்டார், அவர் பிடுங்கிப் போட்டார். எந்நேரமும் இதே கூத்துதான், நோய் முத்திப்போச்சு என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தூக்கிப் போட்டுப் போட்டு அது பொரித்த அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் தோல் சிவந்து புண்ணாகியிருந்ததை விரலால் தொட்டு எங்களுக்குக் காட்டினார். அண்ணி, நோய் நோய்தான், ஆனா இது உறுத்துது, சொல்லத் தெரியாம கழட்டிப் போடுறாரு என்றார். மறுநாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, அண்ணனைக் கைத்தாங்கலாக அந்தப் பெண்ணிடம் கூட்டிப்போனார். பெரியப்பா அவளைக் கிட்டேயே விடவில்லை, கையைத் தட்டிவிட்டார். அப்பா முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், அவள் பின்னாலிருந்து காதில் மெதுவாக மாட்டினாள். சாய்வு, வளைவு, மூக்கு மெத்தை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மாட்டி முடித்துக் கையை எடுத்தாள். எல்லோரும் பிடுங்கிப் போடப்போகிறார் என்று காத்திருந்தோம். போடவில்லை. பெரியப்பா எதிரே முட்டிபோட்டிருந்த அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி, புருவம், வாய் என்று ஒவ்வொன்றாக. பிறகு ரொம்ப மரியாதையாக, நீங்க என் தம்பி சாயல்ல இருக்கீங்க, அவன் நல்ல பையன், கிரேன் ஓட்டுறான் என்றார். அப்பா அவர் கையை விடவில்லை. ஆமாங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு வரும்போது வந்தால் போதும். இங்கே அப்படி அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று, வரும்போது பெரியப்பாவைப் பார்க்காமல் போகாதே, உன்னைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு அவரைத் தெரியுமே. மாப்பிள்ளையிடம் ஏதாவது பயம் இருந்தால் வாய்விட்டுச் சொல், அவரையும் சொல்ல வை. இந்தக் குடும்பத்தில் வாயை மூடிக்கொள்ளும் குணம் ரத்தத்தில் ஓடுகிறது, அது உன்னோடாவது நிற்கட்டும். கட்டின வீடு விளங்கி, கால் வைத்த இடமெல்லாம் நல்லது நடந்து, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். மறக்காமல் அப்பாவின் கேபின் கண்ணாடிக்கு ஒரு நல்ல கெட்டிப் பெட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பதெல்லாம் ஒரு முறை கீழே விழுந்தால் வாயைப் பிளந்துவிடுகிறது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அப்பா இதை வாங்கிப் படித்துவிட்டார். மாமியார் வீட்டு மாப்பிள்ளை என்று எழுதியதை அடிக்கச் சொன்னார், அடிக்கவில்லை.